சினைப்பை நீர்க்கட்டி: வரிசையில் நிற்கும்போது நம்ம ஊர்ப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் மகளிர் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்கிறார்கள். மன்னார்குடிக்காரர் கேட்டதையே நீடாமங்கலத்துக்காரரும் கேட்கிறார், தாய் கேட்டதையே மகளும் கேட்கிறாள். அதனால் அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, தெரிந்த பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். டாக்டர் உங்களைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதற்கு இது ஈடாகாது, ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகலாம்.

சிஸ்டர், சினைப்பையில நீர்க்கட்டின்னு எழுதியிருக்கு. உள்ள என்னதான் இருக்கு?

கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சினைப்பை இருக்கிறது, சுமார் 3 செ.மீ. நீளம். மாதாமாதம் அதில் ஒரு கருமுட்டை சின்ன நீர்ப்பைக்குள் வளர்ந்து, அந்தப் பை 2 செ.மீ. அளவுக்கு வந்ததும் வெடித்து முட்டை வெளியேறும். அதாவது மாதவிடாய் வருகிற வயதில் எந்தப் பெண்ணை ஸ்கேன் எடுத்தாலும் மாதத்தில் சில நாள் ஒரு நீர்ப்பை தெரியத்தான் செய்யும், அது நோயே இல்லை. சில மாதம் அந்தப் பை வெடிக்காமல் வளர்ந்துகொண்டே போகும், அல்லது வெடித்த இடம் மூடிக்கொண்டு உள்ளே நீரோ ரத்தமோ சேரும். இதைத்தான் ஃபங்ஷனல் சிஸ்ட் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிற இளம் வயதுப் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இதுதான், இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் தானாகவே மறைந்துவிடும்.

தானாக மறையாத வகைகளும் உண்டு. உள்ளே கொழுப்பும் முடியும் இருக்கிற டெர்மாய்டு, பழைய ரத்தம் தேங்கிக் கெட்டியாகிக் கிடக்கிற சாக்லேட் சிஸ்ட், நீரோ கொழகொழப்பான திரவமோ நிரம்பி மிகப் பெரிதாக வளரக்கூடிய சிஸ்டடினோமா. இவை மூன்றும் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, ஆனால் காத்திருந்தால் கரைந்துவிடும் என்று இவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

எனக்கு ஏன் வந்துச்சு? உடம்பு சூடா? வெயில்ல வேலை செய்யறதாலயா?

வெயிலும் இல்லை, சூடும் இல்லை, கருவாடு சாப்பிட்டதாலும் இல்லை. ஃபங்ஷனல் சிஸ்ட் வருவதற்குக் காரணம் சினைப்பை வேலை செய்கிறது என்பதுதான். குழந்தைக்காக முட்டை வளர்க்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், ஹார்மோன் உள்ள லூப் போட்டவர்களுக்கும், மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கும் இது கொஞ்சம் கூடுதலாக வரும். அந்த மாத்திரைச் சீட்டையும் சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பிசிஓடி, நீர்க்கட்டி, கர்ப்பப்பைக் கட்டி, எல்லாம் ஒண்ணுதானே?

மூன்றும் வேறு வேறு. பிசிஓடி அல்லது பிசிஓஎஸ் என்பதில் சினைப்பை நிறையச் சின்னச் சின்னப் பைகள் தெரியும், ஒவ்வொன்றும் 1 செ.மீ.கூட இருக்காது, அவை வளராமல் நின்றுபோன முட்டைப் பைகள். மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி, பரு, எடை கூடுவது, சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு என்று அது உடம்பு முழுவதும் சம்பந்தப்பட்ட ஹார்மோன் கோளாறு. அதற்கு ஆபரேஷன் செய்து கட்டியை எடுக்கிற பேச்சே இல்லை. எடையைக் குறைப்பதும் மாத்திரையும்தான் வைத்தியம்.

கர்ப்பப்பைக் கட்டி என்று சொல்வது பெரும்பாலும் ஃபைப்ராய்டு. அது கர்ப்பப்பையின் தசையில் வளர்கிற திடமான கட்டி, அதிக ரத்தப்போக்கு அதன் அடையாளம். இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது சினைப்பையில் வருகிற தனிக் கட்டியைப் பற்றி மட்டும். எதற்காக இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பக்கத்து வீட்டு அக்காவுக்கு நீர்க்கட்டி என்று கொடுத்த மாத்திரையை வாங்கி இங்கே ஒருவர் மாதக்கணக்கில் சாப்பிட்டார். அக்காவுக்கு இருந்தது பிசிஓடி, இவருக்கு இருந்தது டெர்மாய்டு.

ரிப்போர்ட்டுல 45னு போட்டிருக்கு, பயமா இருக்கு. அதை எப்படிப் படிக்கறது?

முதலில் அளவைப் பாருங்கள், மி.மீ.யா செ.மீ.யா என்று. 45 மி.மீ. என்றால் 4.5 செ.மீ.தான். அளவு மட்டும் போதாது, கட்டி எப்படி இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். சிம்பிள் சிஸ்ட், அனெகோயிக், தின் வால், யூனிலாக்குலர் என்ற சொற்கள் இருந்தால் உள்ளே வெறும் நீர், மெல்லிய சுவர், ஒரே அறை என்று பொருள். இவை நல்ல சொற்கள். செப்டேஷன் என்றால் உள்ளே தடுப்பு இருக்கிறது. மெல்லிய தடுப்பு ஒன்று இரண்டு இருப்பதற்காகக் கலங்க வேண்டாம். சாலிட் கம்போனென்ட், பாப்பில்லரி புரொஜெக்‌ஷன், வாஸ்குலாரிட்டி, அசைட்டிஸ் என்ற சொற்களைப் பார்த்தால் அன்றைக்கே மகளிர் நோய் நிபுணரிடம் காட்டுங்கள். கட்டிக்குள் திடமான பகுதி, சுவரிலிருந்து உள்ளே முளைத்த சதை, அதற்குள் ரத்த ஓட்டம், வயிற்றில் நீர் என்று அவை சொல்கின்றன.

இப்போது பல ரிப்போர்ட்டுகளில் ஓ-ராட்ஸ் என்று ஓர் எண் போடுகிறார்கள். 2 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 3 என்றால் பத்து சதவீதத்துக்குள். 4 என்றால் பத்திலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள். 5 என்றால் பாதிக்கு மேல். எண் போடவில்லை என்றால் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

எதுக்கு அவ்ளோ தண்ணி குடிக்கச் சொல்றாங்க? கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு உள்ள விட்டுப் பார்ப்பாங்களா?

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிரம்பியிருந்தால்தான் பின்னாலிருக்கும் சினைப்பை தெரியும். உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்கு நேர்மாறாக, மூத்திரம் போய்விட்டுப் படுக்க வேண்டும். உள்ளே வைத்துப் பார்ப்பது தெளிவாகத் தெரியும், ஆனால் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு நம்ம பக்கத்தில் வயிற்றின் மேல்தான் எடுக்கிறார்கள், அதிலேயே போதுமான விவரம் கிடைத்துவிடும். போதாவிட்டால் எம்ஆர்ஐ இருக்கிறது. பிள்ளையை நினைத்துப் பயந்துகொண்டு ஸ்கேனையே தள்ளிப்போடாதீர்கள்.

மூணு மாசம் கழிச்சு வான்னு அனுப்பிட்டாங்க. ஒரு மாத்திரைகூடத் தரலை. இது என்ன வைத்தியம்?

வைத்தியமேதான். முதல் பதிலில் சொன்ன மாதிரி, 5 செ.மீ.க்குக் கீழே உள்ள வெறும் நீர்க்கட்டி பெரும்பாலும் தானாகப் போய்விடும், அதற்குக் கத்தி வைப்பது சினைப்பைக்குத்தான் நஷ்டம். ரத்தம் சேர்ந்த கட்டிகூட ஆறிலிருந்து எட்டு வாரத்தில் சுருங்கிவிடும். 5 முதல் 7 செ.மீ. வரை உள்ளதை டாக்டர்கள் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனிப்பார்கள். 7 செ.மீ.க்கு மேலே போனால் ஸ்கேனில் முழுசாகப் பார்க்க முடியாது என்பதால் எம்ஆர்ஐ அல்லது ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள். இது மாதவிடாய் நிற்காதவர்களுக்கான கணக்கு.

ஆனால் இந்த வைத்தியத்தில் ஒரு பாதிதான் கட்டியின் வேலை, இன்னொரு பாதி உங்கள் வேலை, அந்த மறு ஸ்கேனுக்கு வருவது. இங்கேதான் நான் அதிகமாகக் கவலைப்படுகிறேன். ஆனியில் குறுவை நடவு நேரத்தில் பார்த்தவரை ஆவணியில் வரச் சொன்னால் அப்போது சம்பா நாற்று, அப்புறம் களை, அப்புறம் தீபாவளி, அப்புறம் மழை, தை அறுவடை முடித்துத்தான் வருகிறார்கள், அதற்குள் 5 செ.மீ. இருந்தது என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. வலி இல்லாததால் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வலி இருப்பதற்கும் கட்டி இருப்பதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. காலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள், வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

மறு ஸ்கேனை மாதவிடாய் முடிந்த கையோடு, அதாவது ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் எடுத்தால் நல்லது. மாத நடுவில் எடுத்தால் புதிதாக வளர்கிற முட்டைப் பையைப் பார்த்து மறுபடி குழம்ப வேண்டியிருக்கும். பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள். அது இல்லாமல் கட்டி வளர்ந்ததா சுருங்கியதா என்று எவராலும் சொல்ல முடியாது.

மாத்திரை போட்டா கரையாதா? என் தோழிக்குக் கருத்தடை மாத்திரை கொடுத்தாங்களே?

ஏற்கெனவே வந்துவிட்ட ஃபங்ஷனல் சிஸ்டைக் கருத்தடை மாத்திரை சீக்கிரம் கரைப்பதில்லை. ஆராய்ச்சிகளில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாமல் காத்திருந்தவர்களுக்கும் ஒரே வேகத்தில்தான் மறைந்தது. முட்டை வளர்வதை அந்த மாத்திரை நிறுத்துவதால் புதிதாக வருவது குறையலாம். அடிக்கடி வந்துகொண்டே இருப்பவர்களுக்கும் சாக்லேட் சிஸ்டால் வலி உள்ளவர்களுக்கும் அதனால்தான் கொடுக்கிறார்கள். டெர்மாய்டை எந்த மாத்திரையும் கரைக்காது.

கழற்சிக்காய்ப் பொடியும் மிளகும் சாப்பிட்டு ஒருத்தருக்குக் கரைஞ்சுதே, அது பொய்யா?

கரைந்தது பொய்யாக இருக்காது. அவருக்கு இருந்தது ஃபங்ஷனல் சிஸ்டாக இருந்திருந்தால், கழற்சிக்காய் சாப்பிட்டாலும் மலைவேம்பு குடித்தாலும் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் மூன்று மாதத்தில் மறைந்திருக்கும். அந்தப் பெயர் கடைசியாகச் சாப்பிட்டதற்குப் போய்விடுகிறது. சினைப்பைக் கட்டியைக் கழற்சிக்காய் கரைக்கிறது என்று நம்பிச் சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் நடந்த ஒழுங்கான ஆராய்ச்சி இல்லை.

சித்த வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்களை நான் தடுப்பதில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தா பிரிவு இருக்கிறது, படித்த மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டிச் சாப்பிடுங்கள், வாட்ஸப்பில் வந்த அளவில் சாப்பிடாதீர்கள். மறு ஸ்கேன் தேதி மட்டும் மாறக்கூடாது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் எந்தப் பொடியும் வேண்டாம்.

நாத்து நடக் குனிஞ்சா கட்டி முறுக்கிக்குமா? வேலைக்குப் போகலாமா?

சின்னக் கட்டியோடு எல்லா வேலையும் செய்யலாம், நடவும் செய்யலாம். குனிந்ததால்தான் முறுக்கிக்கொண்டது என்று சொல்ல முடியாது, தூங்கும்போதுகூட நடக்கும். கட்டி 5 செ.மீ.க்கு மேலே இருந்தால் முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது, அப்போது கனமான மூட்டை தூக்குவதையும் குதிப்பதையும் கொஞ்சம் தவிர்க்கச் சொல்வார்கள். கணவன் மனைவி சேர்வதற்கும் பெரும்பாலும் தடையில்லை, வலித்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்ப உடனே ஓடி வரணும்? ராத்திரில வலிச்சா காலைல வந்தா போதுமா?

மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று தாங்கமுடியாத வலி வந்து, கூடவே வாந்தியும் வந்தால், கட்டியோடு சேர்ந்து சினைப்பை அதன் தண்டில் முறுக்கிக்கொண்டிருக்கலாம். உள்ளே போகிற ரத்தம் அடைபட்டுவிடும். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கைப் பிரித்துவிட்டால் சினைப்பை பிழைக்கும், பார்ப்பதற்குக் கறுத்துப்போயிருந்தாலும் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். வலி விட்டு விட்டு வரலாம், நடுவில் குறைந்ததும் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

இரண்டாவது, கட்டி உடைவது. சின்னதாக உடைந்தால் வலி மாத்திரையோடு ஓரிரு நாளில் அடங்கும். உள்ளே ரத்தம் கசிந்தால் தலை சுற்றும், கண் இருட்டும், வயிறு உப்பும், தோள்பட்டை வலிக்கும், முகம் வெளுக்கும். இதய வால்வு ஆபரேஷன் ஆகி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது பெரிய ஆபத்து. மூன்றாவது, மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும்போது ஒரு பக்க வலி வந்தால் அது கட்டியே இல்லாமல் கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம், அதுவும் உயிருக்கு ஆபத்து.

இந்த மூன்றில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே நேரமாகும், விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பக்கத்து மருந்துக் கடையில் வாயு ஊசி போட்டுக்கொண்டு படுப்பதும் வேண்டாம். போன உடனே நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், எனக்குச் சினைப்பையில் இத்தனை செ.மீ. கட்டி இருக்கிறது என்பது. வலது பக்க வலியைக் குடல்வால் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு, நீங்கள் சொன்னால் அந்த நேரம் மிச்சமாகும்.

சிஏ 125 எண்பது இருக்காம். கேன்சர்தானே?

அவசரப்படாதீர்கள். அந்த ரத்தப் பரிசோதனையில் 35 வரை சாதாரணம் என்று வைத்திருக்கிறார்கள், ஆனால் மாதவிடாய் நேரத்தில் ரத்தம் எடுத்தாலும் கூடும், சாக்லேட் சிஸ்டில் கூடும், ஃபைப்ராய்டில் கூடும், கர்ப்பத்தில் கூடும். வயிற்றுக் காசநோயில் வயிறு நிறைய நீரோடு நூற்றுக்கணக்கில் ஏறி, பார்ப்பதற்கு அப்படியே சினைப்பைப் புற்றுநோய் மாதிரி இருக்கும், மாத்திரையில் குணமாகிவிடும். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு வலி போன்ற தொந்தரவோடு வருகிற சினைப்பைக் கட்டி புற்றுநோயாக இருப்பது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று, ஐம்பது வயதில் ஆயிரத்தில் மூன்று. ஸ்கேனில் வெறும் நீர்க்கட்டி என்று தெளிவாகத் தெரிந்தால் இளம் வயதில் அந்தப் பரிசோதனையே தேவையில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எண் சாதாரணமாக இருப்பதாலேயே புற்றுநோய் இல்லை என்று ஆகிவிடாது, தொடக்க நிலையில் பாதிப் பேருக்கு ஏறாமலே இருக்கும். நாற்பது வயதுக்குக் கீழே ஸ்கேனில் திடமான பகுதி தெரிந்தால் ஏஎஃப்பி, எச்சிஜி, எல்டிஎச் என்று வேறு மூன்று பரிசோதனை எடுப்பார்கள். இளம் பெண்களுக்கு வருகிற சில அரிய கட்டிகளை அவைதான் காட்டிக்கொடுக்கும்.

அம்மாவுக்கு அறுபது வயசு. தீட்டு நின்னு பத்து வருஷம் ஆச்சு. இப்பப் போய்க் கட்டியா?

இதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். மாதவிடாய் நின்ற பிறகு முட்டைப் பை வளர்வதில்லை, அதனால் ஃபங்ஷனல் சிஸ்ட் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. அதற்காக எல்லாமே புற்றுநோய் என்றும் இல்லை. 5 செ.மீ.க்குக் குறைவான, மேலே ரிப்போர்ட் பற்றிச் சொன்ன நல்ல சொற்கள் எல்லாம் உள்ள கட்டி, சிஏ 125ம் சரியாக இருந்தால், நாலிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும்.

டாக்டர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். ஸ்கேனில் சந்தேகக் குறி எதுவும் இல்லை என்றால் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டும் அதற்கு மேலும் இருந்தால் 3. மாதவிடாய் நின்றிருந்தால் 3. இரண்டையும் சிஏ 125 எண்ணோடு பெருக்குவார்கள். உங்கள் அம்மாவுக்குச் சிஏ 125 வெறும் 30 என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேனில் ஒரு குறி இருந்தால் 90, இரண்டு குறி இருந்தால் 270. விடை 200க்கு மேலே போனால் புற்றுநோய் அறுவை நிபுணர் இருக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். லேப் காகிதத்தில் நார்மல் என்று அச்சடித்திருக்கிற 30, சேர்த்துப் பார்க்கும்போது 270 ஆகிறது. அதனால்தான் ஒரு காகிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன்.

அம்மா கொஞ்ச நாளாகவே வயிறு உப்பசமாக இருக்கிறது, ரெண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது, அடிக்கடி மூத்திரம் வருகிறது என்று சொல்கிறாரா? வாயு என்று சோடா வாங்கிக் கொடுக்காமல் ஒரு ஸ்கேன் எடுங்கள்.

ஆபரேஷன்னா வயித்தைக் கிழிப்பாங்களா, ஓட்டை போடுவாங்களா?

புற்றுநோய்ச் சந்தேகம் இல்லாத, ரொம்பப் பெரிதாக இல்லாத கட்டிக்கு லேப்ராஸ்கோப்பிதான் நல்லது. முழு மயக்கம் கொடுத்து, மூன்று நாலு சின்ன ஓட்டை வழியாகக் கட்டியை மட்டும் உரித்தெடுத்து, உள்ளேயே ஒரு பையில் போட்டு வெளியே எடுப்பார்கள். ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம். வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் தோள்பட்டை ஓரிரு நாள் வலிக்கும், பயப்பட வேண்டாம். வீட்டு வேலைக்கு ஒன்று இரண்டு வாரம் போதும்.

சந்தேகமான கட்டியை உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும் என்பதால் வயிற்றைத் திறந்துதான் செய்வார்கள். அதற்கு ஆறு வாரமாவது குடம் தூக்காமல், வயலில் இறங்காமல் இருக்க வேண்டும். மாமியார் கேட்டால் டாக்டர் சொன்னார் என்று என் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்! ஊசியால் நீரை மட்டும் உறிஞ்சி எடுத்துவிடலாமே என்றும் கேட்கிறார்கள். கட்டியின் சுவர் அங்கேயே இருப்பதால் பெரும்பாலும் திரும்ப நிரம்பிவிடும்.

முடி, பல்லெல்லாம் இருந்துச்சுன்னு சொன்னாங்க சிஸ்டர். யாராவது ஏதாவது செஞ்சு வச்சிருப்பாங்களா?

யாரும் எதுவும் செய்யவில்லை அம்மா. அது டெர்மாய்டு. சினைப்பையில் இருப்பது உடம்பின் எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய முட்டைச் செல், அதில் ஒன்று தானாக வளரத் தொடங்கினால் தோல், முடி, கொழுப்பு, சில நேரம் பல்கூட உண்டாகும். கல்யாணம் ஆகாத பெண்களுக்கும் வரும், அதற்கும் நடத்தைக்கும் எள்ளளவும் சம்பந்தம் இல்லை. இந்த வார்த்தையைக் கேட்டு ஒரு பெண்ணைச் சந்தேகப்படுகிற வீட்டாரை நான் பார்த்திருக்கிறேன், அதனால் கணவரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். மெதுவாகத்தான் வளரும், புற்றுநோயாவது மிக அபூர்வம், ஆனால் முறுக்கிக்கொள்வது இதில் அதிகம். பத்தில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் இருக்கும்.

வயசு முப்பத்தெட்டு, ரெண்டு பிள்ளை இருக்கு. கட்டியோட கர்ப்பப்பையையும் எடுத்துடலாம்னு சொல்றாங்க. எடுத்துடலாமா?

ஏன் என்று கேளுங்கள், பதில் தெளிவாக வரும்வரை கேளுங்கள். சினைப்பையில் சாதாரணக் கட்டி இருப்பது கர்ப்பப்பையை எடுப்பதற்குக் காரணம் அல்ல. பிள்ளை பெற்று முடித்தாயிற்று, இனி அது எதற்கு என்று சொல்வது மருத்துவக் காரணம் ஆகாது. புற்றுநோய்ச் சந்தேகம், மாத்திரைக்கு அடங்காத ரத்தப்போக்கு, மிகக் கடுமையான எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு வெளியே வளர்கிற நோய், சாக்லேட் சிஸ்ட் அதனால் வருவதுதான்) என்றால் பேச்சு வேறு.

இரண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் அன்றைக்கே மாதவிடாய் நின்ற நிலை வந்துவிடும். உடம்பில் அனல் அடிக்கும், தூக்கம் கெடும், எலும்பு சீக்கிரம் தேயும், இதய நோய்க்கு வாய்ப்பு கூடும். நாற்பதுக்கு முன்னால் இதைச் செய்துகொண்டு ஐம்பதில் முதுகு வளைந்து வருகிற பெண்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் இன்னொரு டாக்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள், அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கர்ப்பப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டுவைத்தவர்களுக்குப் பிறகும் நீர்க்கட்டி வரலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களுக்கும் வரலாம், அதில் கட்டுவது கருக்குழாயை மட்டும்தான்.

ஒரு பக்கத்தை எடுத்துட்டா குழந்தை நிக்குமா?

நிற்கும். மற்றது நன்றாக இருந்தால் அதுவே போதும், மாதவிடாயும் வழக்கம்போல வரும். சாக்லேட் சிஸ்டில் மட்டும் யோசிக்க வேண்டும். அதை உரித்தெடுக்கும்போது கூடவே நல்ல முட்டைகளும் போய்விடும், இரண்டு பக்கமும் இருந்தால் இன்னும் அதிகம். குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்னால் ஏஎம்எச் பரிசோதனை எடுத்து, முட்டை இருப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கர்ப்பமா இருக்கேன், ஸ்கேன்ல குழந்தையோட கட்டியும் இருக்குன்றாங்க.

கர்ப்பத்தைத் தாங்குகிற ஹார்மோனை முதல் மூன்று மாதம் தருவதே முட்டை வெளியேறிய இடத்தில் உண்டாகிற அந்தச் சின்னக் கட்டிதான். நாலாம் மாதத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். பெரிதாகவே நின்றாலோ சந்தேகமாக இருந்தாலோ நாலாவது ஐந்தாவது மாதத்தில் ஆபரேஷன் செய்வார்கள், குழந்தைக்கு அது ஓரளவு பாதுகாப்பான காலம். முறுக்கிக்கொண்டால் எந்த மாதமானாலும் உடனே செய்துதான் ஆக வேண்டும்.

எங்க போறது? செலவு எவ்ளோ ஆகும்?

அரசு ஆஸ்பத்திரியிலேயே நடக்கும். தஞ்சாவூரில் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்குமானது, அங்கே தஞ்சை மருத்துவக் கல்லூரியின் மகளிர் பிரிவு இயங்குகிறது. திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. தனியாரில் செய்வதாக இருந்தால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்கள் ஆபரேஷன் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்னாலேயே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். சந்தேகத்துக்கு 104க்குப் போன் செய்யலாம்.

பொண்ணுக்குப் பத்தொன்பது வயசு. கல்யாணம் பண்ணி வச்சா கட்டி கரைஞ்சுடும்னு சொல்றாங்களே?

கரையாது. கல்யாணத்துக்கும் கட்டிக்கும் தொடர்பு இல்லை. சாக்லேட் சிஸ்ட் உள்ள பெண்ணுக்குக் கர்ப்பகாலத்தில் வலி குறையலாம், அதிலிருந்து வந்த பேச்சாக இருக்கும், ஆனால் அதுவும் கட்டியைக் குணப்படுத்துவதில்லை. மாதாமாதம் கல்லூரிக்குப் போக முடியாத அளவுக்கு வலி இருந்தால், எல்லாப் பெண்ணுக்கும் இருப்பதுதான் என்று தள்ளாமல் கூட்டிவாருங்கள். எண்டோமெட்ரியோசிஸ் பல வருடம் கண்டுபிடிக்கப்படாமலே போவதற்கு அந்த ஒரு பேச்சுதான் பெரிய காரணம்.

ஆபரேஷன் முடிஞ்சு தையலும் பிரிச்சாச்சு. இனிமே வரவேண்டாம்தானே? திரும்ப வருமா?

எடுத்த கட்டியைப் பயாப்சிக்கு அனுப்பியிருப்பார்கள், அந்த ரிப்போர்ட் வர ஒன்று இரண்டு வாரம் ஆகும். தையல் பிரித்ததோடு நிறையப் பேர் அதை வாங்காமலே போய்விடுகிறார்கள். அந்தக் காகிதம்தான் கட்டி என்ன வகை என்று உறுதியாகச் சொல்வது, ஸ்கேன் சொன்னது அதுவரைக்கும் ஊகம்தான். பெனைன் என்று எழுதியிருந்தால் நிம்மதி. பார்டர்லைன் என்று எழுதியிருந்தால் புற்றுநோய் அல்ல, ஆனால் பல வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும். மாலிக்னன்ட், அதாவது புற்றுநோய் என்றால் அடுத்த வைத்தியத்தை வாரக்கணக்கில் தள்ளக்கூடாது.

திரும்ப வருவது வகையைப் பொறுத்தது. சாக்லேட் சிஸ்ட் அடிக்கடி திரும்பும், குழந்தை உடனே வேண்டாம் என்றால் ஹார்மோன் மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டால் அந்த வாய்ப்பு குறையும். டெர்மாய்டு திரும்புவது குறைவு. ஃபங்ஷனல் சிஸ்ட் மாதவிடாய் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் புதிதாக வரலாம், வந்தால் மேலே மூன்று மாதக் கேள்வியில் சொன்னதுதான். பயாப்சி ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆதார் வைத்திருக்கிற கவரிலேயே போட்டு வையுங்கள், மழை வெள்ளத்தில் பெட்டி நனைந்தாலும் இருக்கட்டும் என்று போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.